விளக்கை அணைத்த பின் நடக்கும் பாடம்



நாளைக் காலை இயற்பியல் தேர்வு. இப்போது இரவு மணி பதினொன்று. ஒளியியல் பாடம் முடிந்துவிட்டது. மின்னோட்டவியலும் அணு இயற்பியலும் பாக்கி இருக்கின்றன. கண் எரிகிறது. மருத்துவக் கல்லூரியிலோ பொறியியற் கல்லூரியிலோ இடம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம் உங்களை உலுக்கி உட்கார வைக்கிறது. பாய் இன்னொரு பக்கம் இழுக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் என் பள்ளி நாளில் என்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் கால்களை நனைத்தபடி, கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு விடியற்காலை நான்கு மணி வரை படித்தேன். தேர்வு அறையில் லென்சைப் பற்றி ஓர் எளிய கணக்கு வந்தது. குவியத் தொலைவு 20 செ.மீ., பொருள் 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது, பிம்பம் எங்கே விழும்? சூத்திரம் சரியாக எழுதினேன், பிரதியிட்டதும் சரி. 1/20-இலிருந்து 1/60-ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் 60-இலிருந்து 20-ஐக் கழித்து, விடை 40 செ.மீ. என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். பள்ளிப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் அது 30 என்பது உறைத்தது. ஏழாம் வகுப்பிலேயே கற்ற பின்னக் கழித்தல் அது! அதைவிட வேடிக்கை, இரவு இரண்டு மணிக்கு மேல் படித்த பக்கங்களில் ஒரு வரிகூட அன்று நினைவுக்கு வரவில்லை.

அந்த இரவில் என் மூளைக்குள் என்ன நடந்தது? சரியாகச் சொன்னால், என்ன நடக்காமல் போயிற்று?

ஓர் அட்டவணையில் ஒளிந்திருந்த எண்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், மறதியை அளந்து பார்க்க முடியுமா என்று எண்ணினார். பிறரைத் தேடி அவர் போகவில்லை; தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக எழுதி, தவறின்றிச் சொல்ல வரும்வரை மனப்பாடம் செய்தார். சில காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் படித்தார். முதல் முறை 100 நிமிடம் ஆன வேலை, மறுமுறை 66 நிமிடத்தில் முடிந்தால், 34 விழுக்காடு மனத்தில் எஞ்சியிருந்தது என்பது அவர் கணக்கு. 1885-ல் இச்சோதனைகளை நூலாக வெளியிட்டார்.

அவர் கண்ட எண்களைப் பாருங்கள். 20 நிமிடம் கழித்து எஞ்சியது 58 விழுக்காடு. ஒரு மணி நேரம் கழித்து 44. ஏறத்தாழ 9 மணி நேரம் கழித்து 36. ஒரு நாள் கழித்து 34. இரண்டு நாள் கழித்து 28.

இந்த வரிசையில் ஏதேனும் விந்தை தெரிகிறதா? சற்று நிறுத்தி, நீங்களே தேடிப் பாருங்கள்.

ஒன்பதாவது மணியிலிருந்து இருபத்துநான்காவது மணி வரை, அதாவது 15 மணி நேரத்தில், மறந்தது 2 விழுக்காடு மட்டுமே. அடுத்த 24 மணி நேரத்திலோ ஏறக்குறைய 6 விழுக்காடு போய்விட்டது. காலம் செல்லச் செல்ல மறதியின் வேகம் குறைய வேண்டும் என்பதே மற்ற எண்கள் சொல்லும் பாடம். இங்கே மட்டும் அது குறைந்து, பிறகு கூடியிருக்கிறது. அந்த 15 மணி நேரத்தில் பெரும்பகுதி இரவு. அவர் உறங்கிய நேரம். எபிங்ஹவுஸுக்கும் இது கண்ணில் பட்டது. உறக்கம் மறதியைத் தடுத்திருக்குமோ என்றுகூட எண்ணிப் பார்த்தார். ஆனால் அப்படியே இருந்தாலும் இவ்வளவு வேறுபாடு வராது, இது அளவீட்டுப் பிழையாகவே இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார். தம் கையால் கண்ட உண்மையைத் தாமே நம்பாமல் விட்ட விஞ்ஞானிகள் வரலாற்றில் பலர் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டாமல் இருந்ததும் ஒரு நேர்மைதான்.

அந்த எண் சுமார் 40 ஆண்டுகள் அட்டவணையிலேயே கிடந்தது. 1924-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் அதை நேரடியாகச் சோதித்தனர். இரண்டு மாணவர்களை ஆய்வுக்கூடத்திலேயே படுக்க வைத்தனர். பத்துப் பொருளற்ற அசைகளை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். சில நாள் காலையில் படித்துவிட்டு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் செல்வார்கள். சில நாள் இரவில் படித்தவுடன் உறங்கச் செல்வார்கள். 1, 2, 4, 8 மணி நேரம் கழித்துக் கேள்வி. விழித்திருந்து 8 மணி நேரம் கழிந்தபின் பத்தில் சுமார் ஒரே ஓர் அசைதான் நினைவில் நின்றது. அதே 8 மணி நேரம் உறங்கியபின் கேட்டாலோ ஐந்துக்கு மேல் நின்றன!

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. விழித்திருக்கும்போது புதுப்புதுச் செய்திகள் வந்து பழையவற்றை அழிக்கின்றன. உறக்கத்தில் எதுவும் வருவதில்லை, ஆகவே இருப்பது பிழைக்கிறது. உறக்கம் என்பது வெறும் பூட்டிய கதவு என்றே கருதினர். கதவுக்குப் பின்னால் வேலை நடக்கிறது என்பது பின்னரே தெரிந்தது.

களமும் குதிரும்

மூளையின் உட்பகுதியில், இரு பக்கமும், கடற்குதிரை வடிவில் வளைந்த ஒரு பகுதி உண்டு. ஹிப்போகேம்பஸ் என்பது அதன் பெயர். பகலில் நீங்கள் புதிதாகக் கற்கும் செய்திகள் நிலைபெறுவதற்கு இப்பகுதி இன்றியமையாதது. ஆயினும் அது நிரந்தரக் கிடங்கு அன்று. அறுவடையான நெல் முதலில் களத்து மேட்டில் குவிகிறது. பிறகு அதைத் தூற்றி, அளந்து, வீட்டுக் குதிருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். களத்திலேயே கிடந்தால் மழையும் மாடும் அதைப் பார்த்துக்கொள்ளும். ஹிப்போகேம்பஸ் களம் என்றால், மூளையின் மேற்புறணி குதிர். களத்திலிருந்து குதிருக்கு வண்டி ஓடும் நேரம் பெரும்பாலும் இரவு.

இது கற்பனை அன்று. 1994-ல் வில்சன், மெக்நாட்டன் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் ஹிப்போகேம்பஸில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தினர். எலி ஓர் இடத்தில் சுற்றி வரும்போது குறிப்பிட்ட நரம்பணுக்கள் சேர்ந்து துடிக்கின்றன. பிறகு எலி ஆழ்ந்து உறங்கியபோதும், பகலில் சேர்ந்து துடித்த அதே நரம்பணுக்கள் மீண்டும் சேர்ந்து துடித்தன. எலி தன் பகற்பாடத்தை உறக்கத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது! (நெல் உவமை இவ்விடத்தில் சற்று நொண்டுகிறது. நெல்லை ஒரு முறை ஏற்றினால் போதும். மூளையோ ஒரே பாடத்தைப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறது.)

உறங்காத இரவுக்கு இன்னொரு நட்டமும் உண்டு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த இளைஞர்களுக்கு மறுநாள் வரிசையாகப் படங்களைக் காட்டினர். நன்கு உறங்கியவர்களோடு ஒப்பிட, அவர்களின் ஹிப்போகேம்பஸ் அப்போது குறைவாகவே இயங்கியது. பிறகு கேட்டபோது படங்களையும் குறைவாகவே அடையாளம் கண்டனர். களம் நிரம்பி வழியும்போது புது நெல்லை எங்கே கொட்டுவது? இரவு இரண்டு மணிக்குமேல் நான் படித்த பக்கங்கள் எங்கே போயின என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

பதினேழு வயதுச் சாதனையாளர்

உங்கள் வயதுடைய ஒரு மாணவரின் கதையைக் கேளுங்கள். 1963 டிசம்பரில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ராண்டி கார்ட்னர் என்ற பதினேழு வயது மாணவர் தம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு திட்டம் தீட்டினார். உறங்காமல் இருப்பதில் உலகச் சாதனை படைக்க வேண்டும் என்பதே அது. செய்தும் காட்டினார். 1964 ஜனவரியில் அவர் படுக்கச் சென்றபோது 264 மணி நேரம், அதாவது 11 நாள், கழிந்திருந்தது. வில்லியம் டிமென்ட் என்ற உறக்க ஆய்வாளர் உடனிருந்து கவனித்தார்.

கடைசி நாளன்று, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரும்படி அவரிடம் கேட்டனர். 93, 86, 79, 72, 65... அத்தோடு நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றார். பின்னர் 14 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் உறங்கி எழுந்து, தேறிவிட்டார். ஆனாலும் உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் கின்னஸ் நூல், உடல்நலக் கேட்டைக் கருதி, இவ்வகைச் சாதனையை ஏற்பதையே பிற்காலத்தில் நிறுத்திவிட்டது. மிக உயரத்திலிருந்து குதிப்பவரைக்கூடப் பதிவு செய்யும் நூல் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"பதினொரு நாள் யார் விழித்திருக்கப் போகிறார்கள்? ஓர் இரவுதானே!" என்பீர்கள். சரி, ஓர் இரவுகூட வேண்டாம். காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர், கண்ணும் கையும் இணைந்து செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து அளந்தனர். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறமை, இரத்தத்தில் 0.05 விழுக்காடு சாராயம் கலந்தவரின் திறமைக்குச் சமமாக இருந்தது. அஃதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம்! வண்டி ஓட்டத் தகுதியில்லாத நிலையில்தான் நாம் திரிகோணமிதி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"எனக்குப் பழகிவிட்டது, சார்"

தினமும் ஐந்து, ஆறு மணி நேர உறக்கம் போதும் என்று பல மாணவர்கள் என்னிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2003-ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் ஆரோக்கியமான 48 பேர் கலந்துகொண்டனர். சிலர் நாளுக்கு 8 மணி நேரமும், சிலர் 6 மணி நேரமும், சிலர் 4 மணி நேரமும் என 14 நாள் படுக்கையில் கழித்தனர். 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ கிடைத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரண்டு இரவுகள் முழுக்க விழித்தவர்களின் நிலைக்கு வந்து சேர்ந்தது. அவர்களையே கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு தூக்கக் கலக்கம் அவ்வளவாகக் கூடவில்லை என்றார்கள். சரிவது அளவுகோலுக்குத் தெரிந்தது, ஆளுக்குத் தெரியவில்லை. என் கருத்தில் உறக்கத்தைப் பற்றி விஞ்ஞானம் சொன்னவற்றுள் மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுவே. பழகிவிட்டது என்று சொல்வதும் அதே களைத்த மூளைதானே?

காப்பி உதவாதா? அது செய்வது வேறு வேலை. நம் உயிரணுக்கள் ஆற்றலுக்கு ஏ.டி.பி. என்ற பொருளைச் செலவிடுகின்றன என்று உயிரியலில் படித்திருப்பீர்கள். அச்செலவின் மிச்சங்களுள் ஒன்றான அடினோசின், விழித்திருக்க விழித்திருக்க மூளையில் சேர்கிறது. நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் அது பொருந்தும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. காப்பியிலுள்ள காஃபீன் அதே பூட்டில் நுழைந்து மாட்டிக்கொள்ளும் தவறான சாவி. பூட்டைத் திறக்காது; சரியான சாவியையும் நுழைய விடாது. அடினோசின் குறைவதில்லை, வாசலில் காத்திருக்கிறது. உடலில் காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரமாகும். மாலை ஏழு மணிக் காப்பியில் பாதி நள்ளிரவிலும் உங்களோடு விழித்திருக்கும்.

விடியற்காலைப் படிப்பும் வீட்டு நிலையும்

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால் மனத்தில் நிற்கும் என்று பாட்டி சொல்வார். பாட்டி காலத்தில் எட்டரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்படியானால் அது நல்ல யோசனையே. பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் கணக்கு உதைக்கிறது. மேலும், உறக்கம் இரவு முழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசைந்து, கனவுகள் தெளிவாகத் தோன்றும் உறக்கம் பிற்பகுதியில் மிகுதி. இதை 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தனர். நான்கு மணி அலாரம் வெட்டுவது பெரும்பாலும் இந்தப் பிற்பகுதியைத்தான்.

13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ல் பரிந்துரைத்தது. பெரியவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. பருவ வயதில் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரக்கத் தொடங்கும் நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வராததும், ஆறு மணிக்கு எழ முடியாததும் முழுக்கச் சோம்பல் அல்ல. கைப்பேசியின் வெளிச்சம் கண்ணில் விழுந்தால் இன்னும் தாமதமாகும். அந்தப் பழியை ஹார்மோன் மேல் போட முடியாது!

எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று எழுதுவது எளிது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காக நான்கு மணிக்கு எழ வேண்டிய மாணவிக்கும், ஒரே அறையில் தொலைக்காட்சி ஓடும் வீட்டுப் பையனுக்கும், இரவு பத்தரை வரை படிப்பு, காலை ஐந்துக்கு மீண்டும் படிப்பு என்று மணியடிக்கும் விடுதியில் இருப்பவருக்கும் அது அவர்கள் கையில் மட்டும் இல்லை. இப்பக்கத்தை வீட்டிலும் வகுப்பாசிரியரிடமும் காட்டுங்கள். பிற்பகலில் 20 நிமிடக் குட்டித் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. ஆயினும் மாலையில் விழிப்பைக் கூட்டும்.

ஆசையை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. மறுபடியும் எபிங்ஹவுஸிடம் போவோம். ஓர் அசை வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாள்களில் பிரித்து 38 முறை படித்ததிலேயே அவருக்குக் கிடைத்தது. மீதி 30 முறை மிச்சம்! மின்னோட்டவியலைத் தேர்வுக்கு முந்திய இரவில் ஆறு மணி நேரம் படிப்பதற்குப் பதில், மூன்று நாள் முன்பே தொடங்கி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் படித்துவிட்டு ஒவ்வோர் இரவும் தூங்கினால், நடுவில் மூன்று முறை குதிருக்கு வண்டி ஓடிவிடும். முந்திய இரவு பதினொரு மணிக்கு இரண்டு பாடம் பாக்கி இருந்தால்? சூத்திரங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பேன். அந்த இரண்டு பாடங்களில் சில மதிப்பெண் போகும். மற்ற பாடங்களின் பின்னக் கழித்தல்களாவது தப்பும்.

நீங்களே செய்து பாருங்கள்

நான் சொன்னதை நம்ப வேண்டாம். 30 செ.மீ. அளவுகோல் ஒன்றும் ஒரு நோட்டும் போதும். அளவுகோலின் மேல் முனையை நண்பரோ தம்பியோ பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழ்முனையில் சுழிக் குறி உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரலில் படாமல் இருக்கட்டும். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்தக் குறியில் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

இது உங்கள் மறுவினைக்கு ஆகும் நேரம். விழும் பொருளின் தொலைவு s = ½gt² அல்லவா? 15 செ.மீ. விழுந்தால் t என்பது 2 × 0.15 ÷ 9.8 என்பதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 0.175 வினாடி. 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி, 25 செ.மீ. என்றால் சுமார் 0.23 வினாடி.

முதல் மூன்று நாள் எண்களைக் கணக்கில் கொள்ளாதீர்கள். பழக்கத்தால் கை தேறிக்கொண்டே வரும். பிறகு 14 நாள், தினமும் காலையில் ஒரே நேரத்தில், பத்து முறை பிடித்துச் சராசரி காணுங்கள். அளவுகோலைப் பிடிக்காமல் தவறவிட்ட முறைகளைத் தனியே எண்ணுங்கள். உறக்க ஆய்வுக்கூடங்களிலும் இத்தகைய தவறல்களையே முக்கியமாக எண்ணுகின்றனர். முந்திய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்பதை நீங்கள் மட்டும் வேறொரு பக்கத்தில் குறித்து வையுங்கள். அளவுகோலை விடுபவருக்கு அது தெரியக்கூடாது. இதற்கென்று கண் விழிக்க வேண்டாம். உங்கள் வழக்கமான இரவுகளே போதும்.

பதினைந்தாம் நாள் ஒரு வரைபடத் தாளை எடுத்து, கிடை அச்சில் உறங்கிய மணி நேரத்தையும் நிலை அச்சில் சராசரி செ.மீ. அளவையும் குறியுங்கள். பதினான்கு புள்ளிகள் வரும். தவறவிட்ட நாள்களின் புள்ளிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அவை தாளின் எந்தப் பக்கம் கூடுகின்றன என்று பாருங்கள்.